அலுமாரிக்குப் பின்னால் ஒரு யன்னல் இருந்தது

எங்கள் ஹோலில் மேற்குப் பக்கம் ஒரு யன்னல் இருக்கிறது என்பதே என் மகனுக்குப் பதினொரு வயதில்தான் தெரிய வந்தது. விறாந்தையில் விளையாடும்போது அதன் பலகைக் கதவுகளை வெளியிலிருந்து பார்த்திருக்கிறான். உள்ளே அது எங்கே திறக்கும் என்று யோசித்ததில்லை. உள்ளே அந்த இடத்தில் நின்றது அப்பாவின் முதிரை அலுமாரி.

அது அங்கே வந்ததற்குக் காரணம் இருந்தது. வீடு திருகோணமலை உவர்மலையில், அப்பா 1982இல் கட்டியது. 1990இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து போய், சில வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது வீட்டில் கதிரை மேசை எதுவும் மிச்சமில்லை. அலுமாரி மட்டும் பூட்டு உடைந்தபடி நின்றது. தூக்க முடியாத பாரம் என்று விட்டுப் போயிருப்பார்கள். அப்பா அதைத் தள்ளிக்கொண்டு வந்து வீதிப் பக்க யன்னலை மறைத்து நிறுத்தினார். இரவில் வெளியே சத்தம் கேட்டால் நாங்கள் அலுமாரிக்கு இந்தப் பக்கம் பாயை இழுத்துப் போட்டுப் படுப்போம். 2009இல் யுத்தம் முடிந்தது. பிறகு அப்பாவும் போய்விட்டார். அலுமாரியை யாரும் அசைக்கவில்லை. அது அங்கே ஏன் நிற்கிறது என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டதுகூட இல்லை.

கேட்க வைத்தது 2022ஆம் ஆண்டின் மின்வெட்டு. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்கள். திருகோணமலையில் அது காற்றே அசையாத காலம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் எங்களுக்கு நேர் உச்சியில் நிற்கும். ஃபான் நின்றவுடன் ஹோலில் இருக்க முடியாது. அம்மா தன் சாய்மனைக் கதிரையை விட்டுவிட்டுக் குசினி வாசற்படியில் போய்க் குந்துவார். முழங்கால் வருத்தத்தோடு எழுபத்தெட்டு வயதில் வாசற்படியில் குந்தி எழும்புவது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குத்தான் தெரியும். இவ்வளவு பெரிய ஹோலை வைத்துக்கொண்டு அம்மாவுக்குக் காற்று வாங்க ஒரு இடம் இல்லையே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை.

புதிதாக எதுவும் வாங்கும் நிலை அப்போது யாருக்கும் இல்லை. ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய வருடம் அது. ஆனியில் எரிபொருள் இல்லாமல் பள்ளிக்கூடங்களையும் மூடினார்கள். பிள்ளைகள் இருவரும் வீட்டில். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கியிருந்தது. உள்ளதை வைத்தே ஹோலை மாற்றிப் பார்ப்போம் என்று இறங்கினோம்.

முதல் வேலையாக எதையும் நகர்த்தவில்லை. ஊதுபத்தி கொளுத்தினோம். இதை யாரும் சொல்லித் தரவில்லை. சாமி மூலையில் கொளுத்திய ஊதுபத்தியின் புகை நேராக மேலே போய் அங்கேயே தேங்கி நிற்பதை ஒரு நாள் மகள் கவனித்தாள். ஆறு மணிக் காலையில் ஒரு தரம், மதியம் ஒரு மணிக்கு ஒரு தரம், பின்னேரம் ஐந்தரைக்கு ஒரு தரம் என்று ஊதுபத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு ஹோலைச் சுற்றி வந்தோம். கிழக்கு யன்னலடியில் புகை கொஞ்சம் ஆடியது. நடு ஹோலுக்கு வந்ததும் கம்பி மாதிரி நின்றது. காற்று உள்ளே வரப் பார்க்கிறது, வெளியே போக வழியில்லை. ஒரு வழியால் வந்த காற்றுக்கு இன்னொரு வழி திறந்திருந்தால்தான் அது அறைக்குள் ஓடும். எத்தனை பெரிய யன்னலாக இருந்தாலும் ஒன்று மட்டும் திறந்திருந்தால் பெரிதாகப் பயனில்லை. அந்த இன்னொரு வழி அலுமாரிக்குப் பின்னால் இருந்தது.

அம்மாவிடம் சொன்னோம். "அது அப்பா வைச்ச இடம், பிள்ளை" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "றோட்டால போற வாற ஆக்கள் எல்லாம் உள்ளுக்குப் பாப்பினம்" என்றார். இரண்டாவதாகச் சொன்னதுதான் உண்மையான காரணம் என்று எனக்கு விளங்கியது. வற்புறுத்தவில்லை. நான்கு நாள் கழித்து அவரே, "சரி, நகர்த்திப் பாருங்கோவன். சரிவராட்டி திருப்பி வைக்கோணும்" என்றார். அந்த வாக்குறுதியைக் கொடுத்துவிட்டுத்தான் அலுமாரியில் கை வைத்தோம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை முதலில் செய்யுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப வழி உண்டு என்று தெரிந்தால் அவர்களுக்குப் பாதிப் பயம் போய்விடும். தொடங்குவதற்கு முன் நான்கு மூலையிலிருந்தும் ஹோலைப் படம் எடுத்து வைத்துக்கொண்டதும் அதற்காகத்தான்.

அலுமாரியை நகர்த்தியதில் ஒரு பிழை விட்டோம். லாச்சிகளைக் கழற்றி, சேலைகளை எல்லாம் வெளியே எடுத்து வைத்துவிட்டோம், இனி இலேசுதான் என்று நானும் என் கணவருமாக ஒரு பக்கம் பிடித்து இழுத்தோம். சிவப்புச் சீமெந்து நிலத்தில் ஒன்றரை அடி நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு விழுந்துவிட்டது. இன்றும் இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணா மதிலுக்கு மேலால் பார்த்துவிட்டு இரண்டு அரிசிச் சாக்குகளோடு வந்தார். அலுமாரியைப் பின்பக்கம் கொஞ்சம் சாய்த்து, முன்கால் இரண்டுக்கும் கீழே சாக்கை நாலாக மடித்துச் செருகச் சொன்னார். பிறகு முன்பக்கம் சாய்த்துப் பின்கால்களுக்கும். "இனி அலுமாரியை இழுக்காதேங்கோ, சாக்கை இழுங்கோ" என்றார். இரண்டு பேர் சாக்கை இழுக்க, ஒருவர் அலுமாரி சரியாமல் பிடித்துக்கொள்ள, எண்ணெயில் போவது போல் போனது. மாபிள் பதித்த நிலத்துக்கும் இது பொருந்தும். சாக்கு இல்லையென்றால் பழைய போர்வை போதும்.

பின்னால் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். சுவரடியிலிருந்து ஒரு கறையான் புற்றுக் கோடு பென்சில் தடிப்பில் மேலே ஏறியிருந்தது. முதிரைச் சட்டத்தை அது தொடவில்லை. பின்பக்கம் அடித்திருந்த மெல்லிய பலகையைத்தான் ஒரு கை அகலத்துக்கு அரித்திருந்தது. இன்னும் இரண்டு வருடம் விட்டிருந்தால் அம்மாவின் கூறைச்சேலை வரை போயிருக்கும். கீழே, அலுமாரி நின்ற இடத்தில், நிலம் வேறு நிறத்தில் இருந்தது. ஹோல் முழுக்க மங்கிய செங்கல் நிறம். அந்த நாலடிக்கு இரண்டடி மட்டும் கடும் சிவப்பு, முகம் தெரியும் பளபளப்பு. அம்மா தடியை ஊன்றிக்கொண்டு வந்து அதன் ஓரத்தில் நின்றார். "கட்டின நேரம் முழு வீடும் இந்த நிறம்தான்" என்றார். மகன் குனிந்து அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தான்.

யன்னல் உடனே திறக்கவில்லை. இங்கே உப்புக் காற்று இரும்பை விட்டு வைக்காது. பிணைச்சல்கள் துருப்பிடித்து இறுகியிருந்தன. தையல் மெஷின் எண்ணெயை விட்டு ஒரு இரவு ஊற வைத்து, மறுநாள் மெல்ல மெல்ல ஆட்டித்தான் திறந்தோம். கறையான் கோட்டைச் சுரண்டி மருந்து அடித்தோம். பிறகு அதே நேரத்தில், மதியம் ஒரு மணிக்கு, மகள் ஊதுபத்தியோடு வந்து நடு ஹோலில் நின்றாள். புகை சரிந்து கிழக்குப் பக்கமாகக் குசினி வாசலை நோக்கி ஓடியது. பின்னேரம் ஐந்தரைக்குப் பார்த்தோம். கடல் காற்று எழும்பியிருந்தது. புகை இப்போது கிழக்கு யன்னலிலிருந்து மேற்கே போனது. மதியத்தில் காற்று நுழைந்த யன்னல் பின்னேரம் காற்று வெளியேறும் யன்னலாகிவிட்டது.

அலுமாரி அம்மாவின் அறைக்குப் போனது. சேலை வைக்கும் அலுமாரிக்கு அதுதானே இடம். முப்பது வருடமாக அம்மா குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஹோலுக்கு வந்து சேலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். ஒரு தளபாடம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க எனக்கு இப்போது இந்தக் கேள்வி போதும்: இதைப் பாவிக்கிறவர் இதற்காக எவ்வளவு தூரம் நடக்கிறார்?

அலுமாரி போனதும் மற்ற எல்லாமே பிழையான இடத்தில் நிற்பது போல் தெரிந்தது. செற்றி, இரண்டு தனிக் கதிரை, சாய்மனைக் கதிரை, கண்ணாடி அலுமாரி, ரீவி மேசை, மூலையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிய ஆறு பிளாஸ்ரிக் கதிரை. முழுவதையும் விறாந்தைக்கு எடுத்தோம். ஹோலை ஒரு நாள் முழுக்க வெறுமையாக விட்டோம். பன்பாயை விரித்து அதில்தான் இருந்தோம், சாப்பிட்டோம், படுத்தோம். வெறும் ஹோலில் ஒரு நாள் இருந்து பாருங்கள் என்று யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வேன். காலை எட்டு மணிக்கு எங்கே வெளிச்சம் விழுகிறது, பிள்ளைகள் தாங்களாகவே எந்த மூலைக்குப் போய் இருக்கிறார்கள், வீட்டுக்குள் வருகிறவர் எந்த வழியால் நடக்கிறார் என்று எல்லாம் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் வாசலிலிருந்து குசினி வரை வடக்குச் சுவர் ஓரமாக எல்லோரும் ஒரே கோட்டில்தான் நடந்தார்கள். அந்தக் கோட்டில்தான் இவ்வளவு நாளும் செற்றி இருந்திருக்கிறது. அதைச் சுற்றி வளைந்து வளைந்து நடந்து எங்களுக்குப் பழகிவிட்டது.

அன்று இரவு மகனின் சதுரக் கோடு போட்ட கணக்குக் கொப்பியில் ஹோலை வரைந்தோம். ஒரு சதுரம் ஒரு அடி. எங்கள் ஹோல் 18 அடி நீளம், 12 அடி அகலம், ஆகவே 18 சதுரம், 12 சதுரம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, யன்னல்கள், பிளக் இருக்கும் இடங்கள், நடுவில் ஃபான், எல்லாவற்றையும் குறித்தோம். செற்றி ஆறு சதுரத்துக்கு இரண்டரைச் சதுரம் என்று ஒவ்வொன்றையும் வேறு தாளில் வெட்டி எடுத்து, அந்தத் தாள் துண்டுகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். முதுகு நோகாமல் பதினைந்து விதமாக வைத்துப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு, நல்ல கணக்கும்கூட. அடுத்த நாள் தளபாடத்தைத் தூக்கும்போது எது எங்கே என்று அவர்களே சொன்னார்கள்.

நடக்கும் வழிக்கு மூன்று அடி விட்டோம். அம்மா தடியோடு நடக்கிறார், ஆகவே அதில் குறைக்கவில்லை. ஒருவர் மட்டும் நடக்கும் வழிக்கு இரண்டரை அடி போதும். செற்றிக்கும் நடுவில் போடும் சின்ன மேசைக்கும் இடையில் ஒன்றரை அடி. அதற்கு மேல் போனால் தேத்தண்ணிக் கோப்பையை வைக்க எழும்ப வேண்டும், குறைந்தால் முழங்கால் இடிக்கும்.

எங்கள் பக்கத்தில் எல்லா வீடுகளிலும் ஒரு பழக்கம் உண்டு. கதிரைகள் அனைத்தையும் சுவரோடு ஒட்டிச் சுற்றிவர அடுக்கி நடுவை வெறுமையாக விடுவோம். செத்த வீடு, கல்யாணப் பேச்சு என்று நாலு பேர் கூடினால் நடுவில் பாய் போட வசதி. அது சரிதான். ஆனால் அப்படிக் கூடுவது வருடத்தில் எத்தனை நாள்? மற்ற நாளெல்லாம் இந்தச் சுவரில் இருப்பவர் அந்தச் சுவரில் இருப்பவரோடு உரத்துப் பேச வேண்டியிருக்கிறது. ஃபான் காற்றும் நடுவில் வெறும் நிலத்துக்குத்தான் வீசுகிறது. சுவரோரம் இருப்பவருக்குக் கொஞ்சம்தான் எட்டும். செற்றியைத் தெற்குச் சுவரிலிருந்து ஒரு அடி முன்னுக்கு எடுத்தோம். தனிக் கதிரை இரண்டையும் அதற்கு மூலைமட்டமாகப் போட்டோம். எதிரெதிரே இருந்தால் முகத்துக்கு முகம் ஆறடி. எங்கள் அம்மாவுக்கு ஒரு காது மந்தம். இந்த ஆறடிக்கு வந்த பிறகு அவர் பேச்சில் மறுபடி கலந்துகொள்ளத் தொடங்கினார். அவருக்குப் பேசப் பிடிக்காமல் போய்விட்டது என்று அதுவரை நாங்கள் நினைத்திருந்தோம்.

ரீவியில்தான் மறுபடி பிழை விட்டோம். பழைய இடத்தில் அது கிழக்கு யன்னலுக்கு முன்னால் இருந்தது. காலையில் பின்னாலிருந்து வெளிச்சம் கண்ணில் குத்தும். அதை மாற்றுவோம் என்று கிழக்குச் சுவரின் மற்றப் பக்கத்துக்கு, மேற்கு யன்னலைப் பார்க்கும்படி வைத்தோம். விறாந்தைக் கூரை நாலரை மணி வரை வெயிலை மறைக்கும். அதற்குப் பிறகு தாழ்ந்த வெயில் கூரைக்குக் கீழால் நுழைந்து நேரே ரீவிக் கண்ணாடியில் விழுந்தது. படமே தெரியவில்லை. வெப்பமும் அதற்குக் கூடாது. கடைசியில் தெற்குச் சுவரின் கிழக்கு முனையில் வைத்தோம். இரண்டு யன்னலும் அதற்குப் பக்கவாட்டில், எதுவும் நேரே முன்னாலும் இல்லை, நேரே பின்னாலும் இல்லை. பிளக்கும் அங்கேயே இருந்ததால் நீள வயர் இழுக்கத் தேவையில்லை. முதலில் வைத்த இடத்தில் வயர் நடக்கும் வழிக்குக் குறுக்காகப் போனது. கால் மிதிக்காமல் இருக்க அதைப் பாய்க்குக் கீழே விட்டிருந்தேன். பாய்க்குக் கீழே மிதிபடும் வயர் தோல் உரிந்து சூடேறும், தீப்பிடிக்கவும் கூடும் என்று வயரிங் வேலை செய்யும் தம்பி ஒருவர் கண்டு சொன்னார். அன்றே எடுத்துவிட்டோம். பிளக் எங்கே இருக்கிறதோ அதை ஒட்டித்தான் ரீவியும் மேசை விளக்கும். மற்றவை நகர்ந்து கொடுக்கட்டும்.

இன்னொன்று, ரீவி இப்போது நடுவில் இல்லை. செற்றியில் இருப்பவர் அதைப் பார்க்கக் கொஞ்சம் திரும்ப வேண்டும், அல்லது தனிக் கதிரைக்கு மாற வேண்டும். பிள்ளைகள் முதலில் முறைப்பாடு சொன்னார்கள். ஒரு மாதத்தில் அது நின்றது. பார்க்க வேண்டியதைக் கதிரை மாறிப் பார்க்கிறார்கள். சும்மா ஓடிக்கொண்டிருக்கும் ரீவியை யாரும் பார்ப்பதில்லை.

கண்ணாடி அலுமாரி தனிக் கதை. கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய பொம்மைகள், ஒரு தரமும் தேத்தண்ணி ஊற்றாத கோப்பைகள், பிள்ளைகளின் கேடயங்கள், அப்பாவின் மூக்குக்கண்ணாடி, பிறந்தநாள் வாழ்த்து அட்டைகள். எண்ணிப் பார்த்தோம், நாற்பத்து மூன்று பொருள். ஒவ்வொன்றும் வேண்டியதுதான். ஆனால் நாற்பத்து மூன்றும் சேர்ந்து நிற்கும்போது ஒன்றும் கண்ணில் படவில்லை. அப்பாவின் மூக்குக்கண்ணாடி அங்கே இருந்ததே என் மகளுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து, பதினொன்றை மட்டும் திருப்பி வைத்தோம். மிச்சத்தைப் பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டு, தைப்பொங்கலுக்கு ஒரு தரமும் நவராத்திரிக்கு ஒரு தரமும் மாற்றிக்கொள்கிறோம். நவராத்திரிக்குக் கண்ணாடி அலுமாரியின் தட்டுகளே கொலுப்படி. பெட்டியிலிருந்து வெளியே வருவதைப் பார்க்கப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். எதையும் எறியச் சொல்லவில்லை என்பதால் அம்மாவுக்கும் மனக்குறை இல்லை. அலுமாரியின் மேல் முனையைச் சுவரோடு இரண்டு பித்தளைத் திருகாணியால் இறுக்கினோம். சின்னப் பிள்ளைகள் வந்து போகும் வீட்டில் உயரமான கண்ணாடி அலுமாரியைச் சும்மா நிறுத்தக்கூடாது. இரும்புத் திருகாணி போட்டால் இங்கே இரண்டு மாரியில் துரு வடிந்து சுவரில் கறை இறங்கிவிடும்.

பொருட்களை எடுத்தபோது அடியில் அம்மாவின் பித்தளைத் தாம்பாளமும் ஒரு செப்புக் குடமும் கிடந்தன. பழப்புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். குடத்தை வாசலுக்கு உள்ளே மூலையில் வைத்து முற்றத்துச் செவ்வரத்தைக் கொப்பு இரண்டு வைத்தேன். சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும் நாட்களில் நிறைகுடத்துக்கும் அதே குடம்தான்.

படங்களை எங்கள் வீடுகளில் மிக உயரத்தில் மாட்டுகிறோம். அப்பாவின் படம் கதவு நிலைக்கு மேலே, ஏழடி உயரத்தில் இருந்தது. மாலை மாற்ற ஸ்ரூல் வேண்டும். படத்தின் நடு நிலத்திலிருந்து ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைய வருமாறு இறக்கி மாட்டினோம். நின்று பார்த்தால் கண்ணுக்கு நேர். அம்மாவே எட்டிப் பூ வைக்கலாம். எந்தச் சுவர் என்பதை அம்மாவிடமே விட்டோம். மேற்கு வெயில் விழும் சுவர் மட்டும் வேண்டாம் என்று சொன்னேன், நிறம் போய்விடும். கழற்றிய நேரம் சட்டத்தின் பின்பக்கத்தையும் பார்த்துக்கொண்டோம். அம்மா அப்பாவின் கல்யாணப் படத்தின் பின் அட்டை ஈரம் பிடித்து, படம் கண்ணாடியோடு ஒட்டத் தொடங்கியிருந்தது. ஒட்டிவிட்ட படத்தை வீட்டில் இழுத்துப் பிரிக்கவே கூடாது, கிழிந்துவிடும். ஒட்டாத மற்றப் படங்களுக்குக் கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் ஓரமாகத் தடித்த அட்டைச் சட்டம் வெட்டி வைத்தோம்.

திரைச்சீலைக்கும் செலவில்லை. பழைய பொலியெஸ்ரர் திரை தடிப்பானது, காற்றை மறித்தது. அம்மா உடுத்தாத இரண்டு கைத்தறிச் சேலைகளை மடித்துத் தைத்துப் போட்டோம். ஒன்று மயில் கழுத்து நிறம், மற்றது மஞ்சள் கரை வைத்தது. வெளிச்சம் வரும், காற்று வரும், வீதியில் போகிறவருக்கு உள்ளே தெரியாது. அம்மாவின் பயத்துக்கு மருந்து அதில்தான் இருந்தது. முதல் வாரம் அவர் ஐந்து மணிக்கே யன்னலைச் சாத்தச் சொல்வார். பிறகு ஆறு மணி. பிறகு விளக்கு வைத்த பிறகு. ஒரு நாள் தேத்தண்ணி கொண்டுபோனபோது திரையை ஒரு பக்கம் ஒதுக்கி யன்னல் கம்பியில் செருகிவிட்டு, மீன்காரரோடு சூடை என்ன விலை என்று பேசிக்கொண்டிருந்தார்.

மாரி வந்தபோது அடுத்த பாடம். ஐப்பசியிலிருந்து வாடைக் காற்றோடு மழை வடகிழக்கிலிருந்து அடிக்கும். ஆனி ஆடியில் சொர்க்கமாக இருந்த கிழக்கு யன்னலடியில் நிலம் நனைந்தது. ரீவி மேசையின் ஒரு காலில் ஈரம் ஏறி, பலகை உப்பிவிட்டது. அதிலிருந்து எங்கள் ஹோலுக்கு இரண்டு ஒழுங்கு. பங்குனியிலிருந்து புரட்டாதி வரை ஒன்று, ஐப்பசியிலிருந்து மாசி வரை மற்றது. மாரி ஒழுங்கில் ரீவியும் புத்தகங்களும் கிழக்கு யன்னலிலிருந்து நாலடி தள்ளி வரும். சுவரோடு நிற்கும் எல்லாமே மூன்று அங்குலம் முன்னுக்கு வரும். சுவரில் ஊறும் ஈரம் பலகைக்கு ஏறாமலும் பூஞ்சணம் பிடிக்காமலும் இருக்க இந்த மூன்று அங்குலம் வேண்டும். கறையானைக் கண்ணால் பார்க்கவும் அதே இடைவெளிதான் உதவும். பன்பாயைச் சுருட்டி மேலே ஏற்றிவிடுவோம். பாய் ஈரம் குடித்தால் ஒரு வாரத்தில் கறுத்துவிடும். இரண்டு ஒழுங்கும் கணக்குக் கொப்பியில் தாள் துண்டுகளோடு ஒட்டியிருக்கின்றன. மாற்ற ஒரு மணி நேரம் போதும். தூசி தட்டுவதும் அதோடு முடிந்துவிடும்.

பெரிய ஹோல் உள்ளவர்கள் சொல்லலாம், எங்களுக்கு எங்கே இடம் என்று தங்கச்சி கேட்டாள். அவள் இருப்பது 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிய வீட்டுத்திட்டத்தில், உப்புவெளிக்கு அங்கால். 500 சதுர அடி வீடு, ஹோல் பத்துக்குப் பத்து. அங்கே போய் இரண்டு நாள் நின்றேன். சின்ன ஹோலில் பெரிய சாமானை மூலையில் ஒளிக்கப் பார்ப்பதுதான் பொதுவாக நடக்கும் பிழை. அவளுடைய செற்றி வாசலுக்கு நேர் எதிரே பக்கவாட்டாக நின்று, உள்ளே காலெடுத்து வைத்ததும் முட்டியது. அதைக் கதவு திறக்கும் அதே பக்கச் சுவரோடு வைத்தோம். உள்ளே வருகிறவர் கண்ணுக்கு முதலில் எதிர்ச் சுவரும் யன்னலும்தான் இப்போது தெரிகின்றன. நடுமேசையை எடுத்துவிட்டு, தேவைப்படும்போது இழுத்துப் போட ஒரு ஸ்ரூல். பிளாஸ்ரிக் கதிரைகள் பின் விறாந்தைக்கு. நிலைக்கண்ணாடி ஒன்று படுக்கையறையில் கதவுக்குப் பின்னால் சும்மா தொங்கியது. அதை யன்னலுக்குப் பக்கச் சுவரில் மாட்டியதும் வெளிச்சம் இரட்டித்தது போல் ஆனது. அவ்வளவுதான் அங்கே தேவைப்பட்டது, ஒரு பகல் வேலை. அவளுடைய மாமியார் பூச்சாடிகளையும் உள்ளே எடுத்துவிடலாமே என்றார். அவர் முன்பு நகரத்துக்குள் இருந்தவர். கோட்டைப் பக்கத்து மான்கள் வாசல் வரை வந்து செடிகளை மேய்ந்துவிட்டுப் போகுமாம், அந்தப் பழக்கத்தில் சொல்கிறார். இரண்டு சாடிகளை யன்னலடிக்கு எடுத்தோம். அந்தச் சின்ன ஹோலுக்கு அந்தப் பச்சை நன்றாகத்தான் இருக்கிறது.

போன ஐப்பசியில் வேலை முடிந்து வீட்டுக்கு வர ஆறு மணியாகிவிட்டது. கிழக்கே கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது. உள்ளே வந்தால் மகன் சாக்குகளை விரித்துக்கொண்டு நிற்கிறான், கணக்குக் கொப்பி மகளின் கையில் விரிந்திருக்கிறது. அம்மா மேற்கு யன்னலடியில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, "ரீவியை முதல்ல எடுங்கோ, பிறகு என்ர கதிரை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பையை வைத்துவிட்டு நான் சாக்கின் மற்ற நுனியைப் பிடித்தேன்.